டேங்க் நிரம்ப எவ்வளவு நேரம்? பிரச்சினையிலிருந்து இயற்பியல் பாடத்தைத் தொடங்குவது எப்படி

பிளஸ் ஒன் வகுப்பில் ஒருநாள் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "ஒரு ஹெச்.பி. மோட்டார் வைத்து மாடி டேங்கை நிரப்புகிறோம். அதை எடுத்துவிட்டு இரண்டு ஹெச்.பி. மோட்டார் போட்டால், அதே டேங்கை நிரப்ப ஆகும் கரண்ட் செலவு எவ்வளவு கூடும்?"

"இரண்டு மடங்கு சார்" என்று வகுப்பில் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். அதே பிள்ளைகளிடம் திறன் என்றால் என்ன என்று கேளுங்கள். "வேலை செய்யப்படும் வீதம்" என்று பிசகாமல் ஒப்பிப்பார்கள். சூத்திரம் தெரியும், அலகு தெரியும், புக் பேக் கணக்கும் போடுவார்கள். ஆனால் இரண்டு ஹெச்.பி. மோட்டார் பாதி நேரத்திலேயே வேலையை முடித்துவிடும், அதனால் செலவு ஏறக்குறைய அதேதான் என்பது அவர்களுக்குத் தோன்றாது. ஆற்றலும் திறனும் வேறு வேறு என்பது நோட்டில் இருக்கிறது, மனதில் இல்லை.

நானும் பல வருடம் வரையறை எழுதி, சூத்திரம் தருவித்து, மூன்று கணக்குப் போட்டுக் காட்டிவிட்டால் பாடம் முடிந்தது என்றே நினைத்திருந்தேன். இந்த மோட்டார் கேள்விதான் என்னை மாற்றியது. இப்போது பாடத்துக்கு முன்னால் பிரச்சினையைக் கொடுக்கிறேன், பாடம் அதற்குப் பின்னால் வருகிறது. இதற்குப் பிரச்சினை வழிக் கற்றல் என்று பெயர். புதிதாகத் தொடங்கும் ஆசிரியர் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் என்ன சொல்வேனோ அதைக் கீழே எழுதியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் மோட்டாரையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதைத்தான் நான் திரும்பத் திரும்ப நடத்திப் பார்த்திருக்கிறேன்.

இந்த முறை கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில், மருத்துவ மாணவர்களுக்காக 1960களின் இறுதியில் தொடங்கியது. இரண்டு வருடம் உடற்கூறு படித்துவிட்டு நோயாளியைப் பார்ப்பதற்குப் பதில், முதலில் ஒரு நோயாளியின் கதையைக் கையில் கொடுத்து, "இவருக்கு என்ன? அதைச் சொல்ல நீங்கள் என்ன படிக்க வேண்டும்?" என்று கேட்டார்கள். இயற்பியலில் இதற்கான தேவையைக் காட்டியவை வேறு சில ஆய்வுகள். 1992இல் அமெரிக்காவில் டேவிட் ஹெஸ்டனஸ் என்ற இயற்பியலாளரும் அவருடன் இருந்தவர்களும் விசை பற்றிய ஒரு கருத்துத் தேர்வை வெளியிட்டார்கள். கணக்கே கிடையாது, எல்லாம் அன்றாடக் கேள்விகள். லாரியும் காரும் மோதினால் எது எதன்மீது அதிக விசை செலுத்தும் என்பது போல. ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் தன் மாணவர்களிடம் இதுபோன்ற ஒரு தேர்வைக் கொடுத்தபோது, கடினமான கணக்குகளை எளிதாகப் போடும் பிள்ளைகளே இதில் தடுமாறினார்கள். 1998இல் ரிச்சர்ட் ஹேக் என்ற அமெரிக்க இயற்பியலாளர், இத்தகைய தேர்வுகளில் 6000க்கும் மேற்பட்ட மாணவர்கள் எடுத்த மதிப்பெண்களைத் தொகுத்துப் பார்த்தார். மாணவர்கள் செய்து, பேசி, விவாதித்துக் கற்ற வகுப்புகளில் கிடைத்த முன்னேற்றம், விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளைவிடச் சராசரியாக இரண்டு மடங்கு இருந்தது. அவை எல்லாமே பிரச்சினை வழி வகுப்புகள் அல்ல, வெவ்வேறு முறைகள் அதில் இருந்தன. ஆனால் பிள்ளைகளின் மூளை வேலை செய்தால்தான் கருத்து ஒட்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் படி: குழப்பத்தைத் தேர்ந்தெடுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள். சுவாரசியமான பிரச்சினையை முதலில் தேடிவிட்டு, அதில் எந்தப் பாடம் வரும் என்று பிறகு யோசிக்கிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். இந்த அலகில் பிள்ளைகள் எதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். அதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். ஒரே ஒரு கேள்வி, ஒரு துண்டுச் சீட்டு, பெயர் வேண்டாம், பதிலும் காரணமும் ஒரு வரியில். சீட்டுகளை வாங்கி வீட்டில் உட்கார்ந்து படியுங்கள். பதிலைவிடக் காரணம்தான் முக்கியம்.

"வேலை, ஆற்றல், திறன்" அலகில் எனக்குத் திரும்பத் திரும்பக் கிடைத்த குழப்பம் ஆற்றலையும் திறனையும் ஒன்றாக நினைப்பது. இதில் நம் பேச்சு வழக்குக்கும் பங்கு உண்டு. மின்சாரம் போனால் "பவர் கட்", பில் வந்தால் "கரண்ட் பில்", மோட்டார் வாங்கப் போனால் "இது நிறைய கரண்ட் இழுக்கும்". ஆற்றல், திறன், மின்னோட்டம் மூன்றும் ஒரே பையில் கிடக்கின்றன. போதாக்குறைக்கு, திறன் என்ற சொல்லுக்குத் திறமை என்ற பொருளும் இருக்கிறது. இலங்கைப் பாடநூல்களில் ஆற்றலைச் சக்தி என்றும் திறனை வலு என்றும் சொல்வார்கள். வலு என்ற சொல் இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடிக்கும், வகுப்பில் ஒருமுறையாவது அதைச் சொல்லிவிடுவேன்.

இரண்டாம் படி: பிரச்சினையை எழுதுங்கள்

புத்தகக் கணக்கு இப்படி இருக்கும்: "ஒரு நீரேற்றி 1000 கிலோ நீரை 18 மீட்டர் உயரத்துக்கு 4 நிமிடத்தில் ஏற்றுகிறது. அதன் திறனைக் காண்க." தேவையான எண்கள் எல்லாம் கையில் இருக்கின்றன, தேவையில்லாதது ஒன்றுமே இல்லை. பையன் செய்ய வேண்டியதெல்லாம் எண்களைச் சூத்திரத்தில் போடுவதுதான், யோசிக்க இடமே இல்லை.

நான் எழுதிய பிரச்சினை இது:

"உங்கள் வீட்டு மாடியில் 1000 லிட்டர் டேங்க் இருக்கிறது. கிணற்றிலிருந்து ஒரு ஹெச்.பி. மோட்டார் தண்ணீர் ஏற்றுகிறது. டேங்க் நிரம்ப நேரமாகிறது என்று அம்மா அலுத்துக்கொள்கிறார். கடைக்காரர் இரண்டு ஹெச்.பி. மோட்டார் போடச் சொல்கிறார். பில் இரட்டிப்பாகிவிடும் என்று அப்பா மறுக்கிறார். வீட்டில் இயற்பியல் படிப்பவர் நீங்கள்தான். என்ன செய்யலாம் என்று அளந்து, கணக்கிட்டு, காரணத்தோடு சொல்லுங்கள்."

இதில் டேங்கின் கொள்ளளவையும் மோட்டாரின் ஹெச்.பி.யையும் தவிர வேறு எண்ணே இல்லை. உயரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு என்பதை அவர்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். எந்தச் சூத்திரம் என்ற குறிப்பும் இல்லை. முடிவெடுக்க வேண்டிய ஒருவர் இருக்கிறார், எதிரெதிராகப் பேசும் இருவர் இருக்கிறார்கள். "காண்க", "கணக்கிடுக" என்று முடியாமல் "என்ன செய்யலாம்" என்று முடிகிறது. நீங்கள் எழுதும் பிரச்சினையையும் இப்படிச் சோதித்துப் பாருங்கள்: வகுப்பில் நன்றாகப் படிக்கும் பையன் தனியாக உட்கார்ந்து பத்து நிமிடத்தில் முடித்துவிடுவானா? முடித்துவிடுவான் என்றால் அது இன்னும் கணக்குத்தான், பிரச்சினை ஆகவில்லை.

மூன்றாம் படி: நீங்கள் முதலில் செய்து பாருங்கள்

இதைத் தவிர்க்கவே கூடாது. என் வீட்டில் நான் அளந்தது: கிணற்றில் தண்ணீர் மட்டம் தரையிலிருந்து 9 மீட்டர் கீழே, டேங்க் 9 மீட்டர் மேலே, மொத்தம் 18 மீட்டர். 1000 லிட்டர் நீர் என்றால் 1000 கிலோ. நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் 1000 × 9.8 × 18, அதாவது 1,76,400 ஜூல். ஒரு ஹெச்.பி. 746 வாட். வகுத்தால் 236 விநாடி, நான்கு நிமிடம்கூட இல்லை. உண்மையில் டேங்க் நிரம்ப எடுத்தது 11 நிமிடம்.

இந்த இடைவெளிதான் பாடத்தின் உயிர். ஏழு நிமிடம் எங்கே போனது? ஆற்றல் அழியாது என்று படித்த பிள்ளை இங்கே நின்று யோசித்தே ஆக வேண்டும். குழாயில் உராய்வு, வளைவுகளில் ஏற்படும் இழப்பு, பம்புக்குள் தண்ணீர் சுழன்று கலங்குவது, தொட்டால் சுடும் மோட்டார். பயனுறுதிறன், அதாவது உள்ளே கொடுத்த ஆற்றலில் எவ்வளவு பங்கு பயன்பட்டது என்ற சொல்லுக்கு இப்போது ஒரு தேவை வந்துவிட்டது.

மீட்டரையும் பாருங்கள். மின்னணு மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு (ஒரு கிலோவாட்-மணிக்கு) எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்தால், வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டார் மட்டும் ஓடும்போது சிவப்பு விளக்கு நிமிடத்துக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணுங்கள். 59 முறை என்றால் மோட்டார் இழுப்பது ஏறக்குறைய 1100 வாட். ஒரு ஹெச்.பி. என்று போட்ட மோட்டார் ஏன் 746க்கு மேல் இழுக்கிறது? பெயர்ப் பலகையில் இருக்கும் எண் மோட்டாரின் தண்டு வெளியே கொடுக்கும் திறன், உள்ளே வாங்கும் திறன் அதைவிடக் கூடுதல். 11 நிமிடத்துக்கு 0.2 யூனிட், அதாவது 7,20,000 ஜூல். தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்தது அதில் கால் பங்குக்கும் குறைவு. இந்தக் கணக்கை முதல்முறை போட்டபோது நானே மறுபடியும் ஒருமுறை சரிபார்த்தேன்.

செய்து முடித்ததும் பிள்ளைகள் எந்தெந்தப் பக்கம் போகக்கூடும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: குழு

நான்கு பேர் நல்லது, வகுப்பில் 50 பேர் இருந்தால் ஐந்து வரை போகலாம். அதற்கு மேல் போனால் இரண்டு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். நண்பர்களாகச் சேர்ந்துகொள்ள விடாதீர்கள், மதிப்பெண் வாரியாகக் கலந்து நீங்களே பிரியுங்கள். இருபாலர் வகுப்பில் மூன்று பையன்களுக்கு நடுவே ஒரே ஒரு பெண்ணைப் போட்டால் அவள் எழுதுபவளாகவே முடிந்துபோவாள், நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை கொடுங்கள்: ஒருவர் நேரத்தைக் கவனித்து எல்லோரையும் பேச வைப்பார், ஒருவர் எழுதுவார், ஒருவர் அளவுகளுக்குப் பொறுப்பு, ஒருவர் எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்பார். அந்த "ஏன்" வேலையை வகுப்பின் முதல் மாணவனுக்குக் கொடுங்கள். பதில் சொல்லியே பழகிய பிள்ளை கேள்வி கேட்கக் கற்றுக்கொள்ளும், மற்றவர்களுக்கும் பேச இடம் கிடைக்கும்.

ஐந்தாம் படி: முதல் பீரியட்

பிரச்சினையை வாசியுங்கள். விளக்க வேண்டாம். முதலில் ஒவ்வொருவரும் தனியாகத் தன் ஊகத்தை எழுதட்டும்: பில் கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா? எழுதிய பிறகு மாற்றக் கூடாது. ஊகத்தை எழுதிய பிள்ளைக்கு விடை தெரிந்தாக வேண்டும் என்ற துடிப்பு வந்துவிடும்.

அடுத்து ஒரு தாளை மூன்றாக மடித்து, "தெரிந்தது", "தெரிய வேண்டியது", "எப்படித் தெரிந்துகொள்வது" என்று மூன்று பத்தி. நடுப்பத்திதான் பாடத்திட்டம். என் வகுப்பில் வந்தவற்றில் சில: ஹெச்.பி. என்றால் என்ன? யூனிட் என்றால் என்ன? உயரத்தைக் கிணற்றின் அடியிலிருந்து அளப்பதா, தண்ணீர் மட்டத்திலிருந்தா? குழாய் சாய்வாகப் போனால் நீளத்தை எடுப்பதா, உயரத்தை எடுப்பதா? இந்தக் கடைசிக் கேள்விக்குள் ஈர்ப்பு விசை செய்யும் வேலை பாதையைப் பொறுத்தது அல்ல என்ற கருத்தே இருக்கிறது. அதை நான் போர்டில் எழுதியிருந்தால் யாரும் நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்த பீரியடில் நீங்கள் செய்ய வேண்டிய கடினமான வேலை வாயை மூடிக்கொண்டிருப்பது. "சார், இது சரியா?" என்று கேட்பார்கள். "நீ என்ன நினைக்கிறாய்? சரியா என்று எப்படிப் பார்ப்பாய்?" என்று திருப்பிக் கேளுங்கள். முதல் சில நாள் பிள்ளைகளுக்குக் கோபம் வரும். சொல்லிக்கொடுக்காமல் இருக்கிறார் என்று ஒரு பெற்றோர் வந்து என்னிடம் கேட்டதும் உண்டு. பிரச்சினைத் தாளை அவரிடமே கொடுத்தேன். அரைமணி நேரம் மோட்டாரைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் போனார்.

ஆறாம் படி: வீட்டில் அளவு

இரண்டு நாள் கொடுங்கள். டேங்க் நிரம்பும் வரை நிற்கத் தேவையில்லை. டேங்கில் விழும் இடத்தில் பெரியவர் ஒருவர் 10 லிட்டர் வாளி பிடித்தால், அது நிறைய எத்தனை விநாடி என்று பார்த்தாலே போதும். மாடி உயரத்தை அளக்கக் கயிற்றில் கல் கட்டிவிடலாம், படிகளை எண்ணி ஒரு படியின் உயரத்தால் பெருக்கலாம். மோட்டார் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். குழுவில் ஒரு வீட்டில் இருந்தால் போதும், இல்லாவிட்டால் பள்ளி மோட்டாரையே அளக்கட்டும். "உன் வீட்டில் இல்லையா?" என்று வகுப்பில் யாரையும் கேட்காதீர்கள்.

பாதுகாப்பு விதிகளைப் போர்டில் எழுதி, நோட்டிலும் எழுத வையுங்கள். மோட்டாரையும் ஸ்விட்சையும் பெரியவர்கள் மட்டுமே தொட வேண்டும். மீட்டரைக் கண்ணால் பார்ப்பதோடு சரி. கிணற்றுச் சுவரில் சாயக் கூடாது, தண்ணீர் மட்டத்தை வீட்டுப் பெரியவரைக் கொண்டே அளக்க வேண்டும். மாடி விளிம்புக்குத் தனியாகப் போகக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

ஏழாம் படி: அளவுகளோடு வகுப்புக்குத் திரும்பும் நாள்

இந்த நாளுக்குத்தான் நான் காத்திருப்பேன். ஒவ்வொரு குழுவும் வேறு வேறு எண்களோடு வரும், பதில்கள் ஒத்துப்போகாது. இப்போது பத்து நிமிடம் மட்டும் நீங்கள் பேசுங்கள். வேலை, நிலை ஆற்றல், திறன், பயனுறுதிறன். அதே சூத்திரங்கள்தான், ஆனால் இப்போது பிள்ளைகள் பேனாவை எடுத்துவைத்துக்கொண்டு கேட்பார்கள். அப்புறம் குழுவுக்குத் திரும்பிக் கணக்கிடட்டும்.

சுற்றி வரும்போது கேட்க வேண்டியவை: "இந்த எண்ணின் அலகு என்ன?" "இதை இரண்டு மடங்காக்கினால் எது மாறும், எது மாறாது?" "கணக்குப்படி நான்கு நிமிடம், அளவுப்படி பதினொன்று. எதை நம்புகிறாய்?" விடையைக் கொடுக்காமல் தள்ளிவிடும் கேள்விகள் இவை.

ஒருமுறை விவசாயி வீட்டுப் பெண் ஒருத்தி எழுந்து, "சார், பெரிய மோட்டார் போட்டா கிணறு அந்த வேகத்துக்கு ஊறணும்ல?" என்று கேட்டாள். நான் எழுதி வைத்திருந்த தாளில் அது இல்லவே இல்லை. கடைக்காரரும் யோசிக்காத கேள்வி, முடிவையே மாற்றக்கூடியது. இன்னொரு குழு, கோடையில் பக்கத்துத் தோட்டத்தில் மோட்டாரைக் கிணற்றுக்குள் மேடை கட்டி ஏன் இறக்கி வைக்கிறார்கள் என்று கேட்டது. மேலே வைத்த பம்பு தண்ணீரை இழுப்பதில்லை, குழாயில் காற்றைக் குறைக்கிறது, வளிமண்டல அழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அந்த அழுத்தம் தாங்கும் நீர்த்தூணின் உயரம் 10.3 மீட்டர்தான், நடைமுறையில் 7, 8 மீட்டரே கிடைக்கும். பாதரசமாக இருந்தால் 76 சென்டிமீட்டர், 1643இல் இத்தாலிய இயற்பியலாளர் டாரிசெல்லி செய்து காட்டியது. அந்தப் பாடம் பின்னால் வரும் அலகில் இருந்தது. சிலபஸ் வரிசை கெட்டுவிடுமே என்று நினைக்காமல் அன்றைக்கே ஐந்து நிமிடம் சொன்னேன்.

எட்டாம் படி: முடிச்சுப் போடுவது

கடைசி பீரியடில் ஒவ்வொரு குழுவும் மூன்று நிமிடம் அம்மா, அப்பா, கடைக்காரர் மூவருக்கும் பதில் சொல்லட்டும். அதன்பிறகு நீங்கள் தொகுத்தே ஆக வேண்டும். "எல்லாம் அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று விட்டுவிடுவது பெரிய தவறு, பாதிப் பேருக்குப் பாதிதான் பிடிபட்டிருக்கும். போர்டில் தெளிவாக எழுதுங்கள்: தண்ணீரை ஏற்றத் தேவையான ஆற்றல், நீரின் நிறையையும் உயரத்தையும் பொறுத்தது. திறன் மாறினால் நேரம் மாறும். பில் வருவது ஆற்றலுக்கு. பயனுறுதிறன் அதேயாக இருந்தால் இரண்டு ஹெச்.பி. மோட்டார் பாதி நேரம் ஓடி அதே யூனிட்டைத்தான் எடுக்கும். ஆனால் அதே மெல்லிய குழாயில் தண்ணீரை வேகமாகத் தள்ளினால் உராய்வு இழப்பு கூடும், அதனால் செலவு கொஞ்சம் ஏறலாம். முதல் நாள் ஊகச் சீட்டை எடுத்து, தன் ஊகம் எங்கே சரி, எங்கே தவறு, ஏன் என்று ஒவ்வொருவரும் அதன் கீழேயே எழுதட்டும்.

புக் பேக் கணக்குகளை இப்போது போடுங்கள். சட்டென்று முடியும். நான்கு பீரியட் போய்விட்டதே என்ற பயத்துக்கு இது ஓரளவு பதில். இருந்தாலும் எல்லா அலகுக்கும் இப்படிச் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். முதல் வருடம் பருவத்துக்கு ஒரு பிரச்சினை போதும். போர்ஷன் முடியாத ஆசிரியரை எந்தத் தலைமை ஆசிரியரும் இரண்டாவது முறை அனுமதிக்க மாட்டார்.

மதிப்பெண் எப்படி? குழுவுக்குப் பாதி, தனி ஆளுக்குப் பாதி என்று வைத்திருக்கிறேன். குழு மதிப்பெண் விடைக்கு அல்ல, காரணத்துக்கும் அளவு எடுத்த ஒழுங்குக்கும்.

அடுத்த பிரச்சினைக்குச் சில விதைகள்

மழை நாளில் பேருந்து ஓட்டுநர் எவ்வளவு தூரம் விட்டு ஓட்ட வேண்டும்? 60 கிலோமீட்டர் வேகத்தில், பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி தாமதித்தாலே கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடும். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் ஏன் நான்கு மடங்கு? கோயில் திருவிழா சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் ஒரு வரிசை மட்டும் அணைகிறது, மற்ற வரிசைகள் எரிகின்றன. பிரிக்காமல், உள்ளே இணைப்பு எப்படி இருக்கும் என்று வரைந்து காட்டு. மண்பானைத் தண்ணீர் சித்திரையில் குளிர்ந்த அளவு ஐப்பசி மழையில் குளிர்வதில்லையே, ஏன்? ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு குறிப்பிட்ட குழப்பம் இருக்கிறது, அதை முதலில் உங்கள் வகுப்பில் சீட்டுக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. பிரச்சினை முடிந்து இரண்டு வாரம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு சீட்டுக் கொடுங்கள், மோட்டாரே இல்லாத கேள்வியாக: "மூன்றாம் மாடிக்கு ஒருத்தி நடந்து ஏறுகிறாள், அதே எடையுள்ள இன்னொருத்தி ஓடி ஏறுகிறாள். புவியீர்ப்புக்கு எதிராக யார் அதிக வேலை செய்தார்கள்? யாருடைய திறன் அதிகம்?" இதில் எத்தனை பேர் காரணத்தோடு சரியாக எழுதுகிறார்கள் என்று எண்ணுங்கள். அந்த எண்ணை முதல் நாள் சீட்டுகளோடு சேர்த்து ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த வருடம் இதே பிரச்சினையில் எதை மாற்ற வேண்டும் என்று அந்த நோட்டைப் பார்த்துத்தான் நான் முடிவெடுக்கிறேன்.